பத்தடி முன்னால்

தரையில் இரண்டு நீல நாடாக்கள் ஒட்டியிருந்தார்கள். இடையில் நான்கு மீட்டர்.

அவர் முதல் நாடாவில் நின்றார். அவள் சுவரோர பெஞ்சில், அவருடைய துண்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நர்ஸ் செல்போனைக் கையில் பிடித்தாள், நொடி கணக்கிட.

"ஐயா, வழக்கமா எப்படி நடப்பீங்களோ அப்படி வாங்க. அவசரம் வேண்டாம்."

நடந்தார்.

ஜன்னல் வழியாக விழுந்த வெயிலில் தூசி மிதந்துகொண்டிருந்தது. அவர் அதற்குள் போனார். அதிலிருந்து வெளியே வருவதற்குள் ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது போலிருந்தது அவளுக்கு.

"எட்டரை செகண்டு" என்றாள் நர்ஸ்.

எட்டரை செகண்டில் இந்த மனிதர் தெருமுனையைத் தாண்டியிருப்பாரே.

ரயில்வேயில் கீமேன். கையில் சுத்தியல், தோளில் பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும். தண்டவாளத்தில் எது கழன்றிருக்கிறது என்று தட்டிப் பார்த்துக்கொண்டே மானாமதுரைப் பக்கம் முப்பது வருடம் நடந்தவர். தண்டவாளத்தின் குறுக்கே கிடக்கும் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டை. அந்த எட்டுதான் அவர் கால்களுக்குத் தெரியும். கல்யாண வீட்டுக்குப் போனாலும் சரி, இழவு வீட்டுக்குப் போனாலும் சரி, அதே எட்டு.

அவள் பத்தடி பின்னால் ஓடுவாள். இடுப்பில் பிள்ளை, கையில் கூடை.

திரும்பிப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்வார்.

"இந்தா, வெரசா வா."

நாற்பத்தாறு வருடத்தில் அவர் முகத்தைவிட முதுகைத்தான் அவள் அதிகம் பார்த்திருக்கிறாள். வலது காதுக்குப் பின்னால் ஒரு மச்சம் உண்டு. அது அவருக்கே தெரியாது.

"இப்ப நடந்துகிட்டே நூறுலருந்து பின்னாடி எண்ணிட்டு வாங்கய்யா."

"நூறு" என்றார். ஓர் அடி.

"தொண்ணூத்தொம்பது."

கால்கள் நின்றுவிட்டன. உதடுகள் எதையோ தேடின. வெயிலுக்கு நடுவில் அப்படியே நின்றார், சிக்னலுக்குக் காத்திருப்பவரைப்போல.

அவளுக்கு எழுந்து போய்க் கையைப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. பிடிக்கவில்லை. பரீட்சை எழுதுபவருக்கு உதவக் கூடாதே.

டாக்டர் தன் அறையிலிருந்து எழுந்து வந்தாள். சின்னப் பெண். பெஞ்சில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"போன மாசம் கடைக்குப் போயிட்டு வீட்டுக்கு வழி தெரியாம நின்னாருன்னு சொன்னீங்கள்ல? மறதி வெளிய தெரியறதுக்கு முன்னாடியே சில பேருக்கு நடை வேகம் குறைஞ்சிடும்மா. அது எப்பன்னு தெரிஞ்சா எனக்கு உதவியா இருக்கும். எப்பலருந்து மெதுவா நடக்குறாரு?"

அவளுக்குத் தெரியும். நாள் தெரியும், நேரம்கூடத் தெரியும்.

போன பங்குனி. மாரியம்மன் கோயில் திருவிழா, இரண்டாம் நாள் சாயங்காலம். வழக்கம்போல அவருடைய முதுகைப் பார்த்துக்கொண்டே வந்தவள், பக்கத்தில் ஒரு தோள் உரசுவதை உணர்ந்து திரும்பினாள்.

அவர்.

பத்தடி முன்னால் போக வேண்டியவர், பக்கத்தில் வந்துகொண்டிருந்தார். நடக்கும்போது அவருடைய உதடுகள் அசையும் என்று அன்றைக்குத்தான் கண்டுபிடித்தாள். கட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார், தார் ரோட்டில்.

பூக்காரி பாண்டியம்மா பார்த்துவிட்டாள். "என்னக்கா, புதுசாக் கட்டிக்கிட்ட மாதிரி சோடி போட்டுக்கிட்டு வாரீக!"

அவளுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. ஒரு முழம் கேட்டவள் இரண்டு முழம் வாங்கினாள். சன்னதியில் வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. இப்படியே இருக்கட்டும் ஆத்தா என்று மட்டும் கும்பிட்டாள்.

அப்படியேதான் இருந்தது. ஒரு வருடம். ரேஷன் கடைக்கு, பேத்தியின் காதுகுத்துக்கு, சும்மா கண்மாய்க்கரை வரைக்கும். வயசான காலத்தில் மனுசனுக்குப் பாசம் வந்துவிட்டது என்று அவள் தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். வாழ்க்கையிலேயே அவளுக்குப் பிடித்த வருடம் அதுதான்.

"ஞாபகம் இல்லன்னா பரவாயில்லம்மா" என்றாள் டாக்டர்.

ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடலாம். உள்ளதைச் சொன்னால் அந்தச் சாயங்காலம் ஆஸ்பத்திரி நோட்டுக்குள் போய்விடும். பூவும் போய்விடும், தோளும் போய்விடும்.

வெயிலுக்குள் அவர் இன்னும் தொண்ணூற்றொன்பதில் நின்றுகொண்டிருந்தார்.

"போன பங்குனிங்கம்மா" என்றாள். "ரெண்டாம் திருநா. வெளக்கு வைக்கிற நேரம்."

டாக்டர் எழுதிக்கொண்டாள்.

மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். நீளமான தாழ்வாரம். கடைசியில் வாசலும் வேப்பமரமும் தெரிந்தன. அவர் பக்கத்தில் வந்தார். தோள் உரசியது.

செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல அவள் குனிந்தாள். வார் சரியாகத்தான் இருந்தது.

அவர் போய்க்கொண்டிருந்தார். ஓர் அடி. இரண்டடி.

அவள் நிமிர்ந்து, ஒரு காலுக்கு அடுத்தாற்போல் மறுகாலை ஒட்டி வைத்து நடந்தாள். அவ்வளவு மெதுவாக நடக்க அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. நாற்பத்தாறு வருடம் ஓடிப் பழகிய கால்கள்.

ஐந்தடி. எட்டடி.

காதுக்குப் பின்னால் அந்த மச்சம் தெரிந்தது.

வாசலில் அவர் நின்றார். வேப்பமரத்தைப் பார்த்தார், வந்துபோகிற ஆட்களைப் பார்த்தார்.

மெல்லத் திரும்பினார்.

"இந்தா" என்றார். "வெரசா வா."

"வாரேன், வாரேன்" என்றாள்.

இன்னும் மெதுவாக நடந்தாள்.