வாசலில் நடந்த ஷோ

“இந்தாம்மா, ஞாயித்துக்கிழமை ஆனா உனக்கு வேற வேலையே கிடையாதா?”

டால்பின் பூங்காவின் மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தார். எதிரே, ‘டால்பின்களைக் கடலுக்கு அனுப்பு’ என்ற அட்டையோடு விசில் டீச்சர் நின்றிருந்தார். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் இன்னும் விசில் தொங்கியது. அவருக்குப் பின்னால் தொண்டர்கள் ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் பல் டாக்டர். சாம்பல் நிற டால்பின் வேஷத்துக்குள் வியர்த்து வழிந்துகொண்டிருந்தார்.

“எனக்கு வேலை இருக்கு. உனக்குத்தான் வெக்கம் இல்லை,” என்றார் டீச்சர். “கடல் பூரா சுத்தற ஜீவனைத் தொட்டியில அடைச்சு பந்து தட்ட விடறீங்களே. உன்னை பாத்ரூம்ல பூட்டி, வேளா வேளைக்கு சோறு போட்டு, குட்டிக்கரணம் அடின்னா அடிப்பியா?”

“சோறு நல்லா இருந்தா அடிப்பேன்.”

டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

“எது, இந்தத் தொப்பையை வெச்சுக்கிட்டா?”

இந்தத் தடவை சிரிப்பு ரெண்டு மடங்கு. குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்த ஒருவர், இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காக வரிசையை விட்டு விலகி வந்தார். அவரைப் பார்த்து அடுத்தவர். கொஞ்ச நேரத்தில் வரிசை என்று ஒன்றே இல்லை, வட்டம்தான் இருந்தது.

மேனேஜர் விடுவதாக இல்லை. “இந்த வாயை வெச்சுக்கிட்டு உன்கூட ஒரே வீட்டுல எப்படித்தான் குடும்பம் நடத்தறாங்களோ.”

“எங்க வீட்டுல ஒருத்தரும் என்னை எதிர்த்து ஒரு சொல் சொல்ல மாட்டாங்க. அவங்கல்லாம் மரியாதை தெரிஞ்சவங்க. உன்னை மாதிரியா?”

அந்த நேரம் பார்த்து, துடுப்பை ஆட்டி ஆட்டிக் குதித்த பல் டாக்டர் வால் தடுக்கி மல்லாக்க விழுந்தார். எழ முடியவில்லை. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. மேனேஜரே போய் இரண்டு கையாலும் அவரைத் தூக்கி நிறுத்த வேண்டியதாயிற்று.

“டாக்டர், புதன்கிழமை எனக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கணும். மறந்துடாதீங்க,” என்றார் மேனேஜர்.

“மறப்பேனா? நீங்க பேசற பேச்சுக்கு மரத்துப்போற ஊசி போடாமலே பிடுங்கறேன்,” என்றது டால்பின்.

உள்ளே ஷோவுக்கான பாட்டு முழங்கியது. ஒருவரும் அசையவில்லை. “போன வாரம் பாதியில போயிட்டோம், இன்னிக்கு முழுசாப் பாத்துட்டுத்தான் போகணும்,” என்று ஒரு பெண் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

முதலாளியிடமிருந்து ஆள் வந்தது. மேனேஜர் மாடிக்குப் போகும் வழியில் தொட்டியைத் தாண்டினார். பெரிய டால்பின் எப்போதும்போல ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சுவரில் உரசி உரசி அதன் மூக்கு வெளுத்துப் போயிருந்தது. குட்டி அதன் பின்னாலேயே. ஒரு நிமிஷம் நின்றார், பிறகு படியேறினார்.

முதலாளி கண்ணாடி ஜன்னல் வழியாகக் காலி நாற்காலிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன்யா, அந்தம்மாகிட்ட வாயைக் குடுக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது? நீ வாயைத் திறந்தா ஊரே கூடிடுது. இங்க நான் ஈ ஓட்டிக்கிட்டு இருக்கேன்.”

“எப்படி சார் சும்மா இருக்கறது? மனுஷனுக்கு ரோஷம் வேண்டாமா?”

“போலீஸ்ல சொன்னா?”

“அனுமதி வாங்கித்தான் சார் நிக்கறாங்க.”

முதலாளி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “கடல்லயே வலை கட்டி டால்பினைப் பாத்துக்கறாங்களே, சரணாலயத்துக்காரங்க. ரெண்டையும் அவங்க செலவுலயே கூட்டிட்டுப் போறோம்னாங்க இல்ல? இன்னும் கேட்டுக்கிட்டு இருக்காங்களா?”

“இருக்காங்க சார். ஆனா இந்தம்மாவுக்குப் பயந்தா நாம விட்டுக் குடுக்கறது? கூடாது சார். இனிமே ஞாயிறு மட்டும் இல்லை, தினமும் வாசல்ல நின்னு நான் நாலு வார்த்தை நறுக்குன்னு—”

“ஐயா சாமி, போதும்.” முதலாளி கையெடுத்துக் கும்பிட்டார். “நீ வாசல் பக்கமே போகாதே. முதல்ல அந்த சரணாலயத்துக்காரங்களுக்குப் போனைப் போடு. தொட்டியில சறுக்குமரம் வெச்சு, பசங்க குளிக்கற குளமா மாத்திடலாம்.”

மேனேஜர் விளக்கெண்ணெய் குடித்த முகத்தோடு போனை எடுத்தார்.

சாயங்காலம் கேட்டில் அறிவிப்பு ஒட்டப்பட்டதும் வாசல் அமர்க்களப்பட்டது. பல் டாக்டர் காவலாளியைக் கட்டிப்பிடித்து ஒரு சுற்றுச் சுற்றியதில் டால்பின் வால் கிழிந்தது. விசில் டீச்சர் மூச்சுத் திணறும்வரை விசில் ஊதினார். நடுவே மேனேஜரைப் பார்த்து, “என்னய்யா, ஜெயிச்சது யாரு?” என்று கேட்டும் வைத்தார். மேனேஜர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

தெருமுனை திரும்பி, மருந்துக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தியவர் முன்னும் பின்னும் பார்த்தார். சந்துக்குள்ளிருந்து விசில் டீச்சர் வேக வேகமாக வந்தார். மேனேஜர் சட்டென்று வண்டியிலிருந்து இறங்கி, மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு இன்னொரு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.

டீச்சருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கல்யாணம் ஆன நாள்லேருந்து என் முன்னால தலை நிமிர்ந்து ஒரு வார்த்தை பேசினதில்லை, அந்த ரெண்டு ஜீவனுக்காக, நான் எழுதிக் குடுத்ததுக்கு மேலேயே என்னைத் திட்டித் தீர்த்துட்டீங்க, மாப்பிள்ளை.”