பதினோரு வட்டங்கள்

ஒவ்வொரு தை மாதமும் பண்ணையில் புதிதாக எழுதிய பதிவேடுகள் அவை. முதலில் மாடுகள், பிறகு அடிமைகள். தன் முன்னோரில் ஒருத்தியான காத்தாயியை அற்புதம் டீச்சர் அவற்றில் தேடிக்கொண்டிருந்தாள். எட்டாம் பதிவேட்டில் காத்தாயியின் பெயரருகே சின்னதாக ஒரு வட்டம் இருந்தது. அற்புதத்தின் விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"செத்துட்டாளாண்ணே?"

ஆவணக் காப்பக ஊழியர் பக்கிரிசாமி குனிந்து பார்த்தார். "செத்தா பேரையே அடிச்சிருப்பாங்க டீச்சர். வட்டம்னா ஓடிப்போனவங்க. புடிபடுற வரைக்கும் வருஷாவருஷம் பேர எழுதி வட்டம் போடுவாங்க."

அதுவரை பெயர் கிடைக்க வேண்டுமென்று புரட்டியவள், இப்போது வட்டம் இருக்க வேண்டுமென்று புரட்டினாள். அடுத்த தையில் வட்டம். அதற்கடுத்த தையிலும். ஓரிடத்தில் மை கொட்டியிருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கறைக்கடியில் வட்டம் இருந்தது. அந்தக் கட்டு முடிந்தபோது வட்டங்கள் மொத்தம் பதினொன்று.

பக்கிரிசாமி அடுத்த கட்டைக் கொண்டுவந்து தூசி தட்டினார். "இன்னும் இருக்கு டீச்சர், பாக்குறீங்களா?"

அற்புதம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"வேண்டாண்ணே. அவங்க பதினோரு வருஷம் தேடுனது போதும். நாமளாவது அவள விட்டுடுவோம்."