இரண்டு குடுக்கை

வெள்ளைக்காரத் துரை ஒருவர் சேர்த்து வைத்த திருச்சி மியூசியத்துக்குள் போகக் காசு வேண்டாம். உயரத்து ஜன்னல்களிலிருந்து சாய்ந்து விழும் வெயிலில் எகிப்துக் கல், ரோமாபுரிக் காசு, சீனத்துப் பீங்கான் எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால் மினுங்குகின்றன. பச்சைமலையிலிருந்து கடுக்காய் விற்க வந்த பிச்சமுத்து, காலையில் கடைவீதியில் வாங்கிய சட்டையின் மடிப்புக் கலையாமல் நடக்கிறான். அவன் மனைவி செல்லக்கிளி கடைசிப் பெட்டியின் முன் நின்றுவிடுகிறாள். உள்ளே ஒரு சுரைக்குடுக்கை. அவள் தோளில் தொங்குவதும் அதேதான். அதில் பாதித் தண்ணீர் தளும்புகிறது.

"மாமா, இங்க பாரு, நம்ம குடுக்கை. கயித்தத்தான் தப்பாக் கட்டியிருக்காங்க."

அவள் சிரிப்பு கூடம் முழுக்கக் கேட்கிறது. காலேஜ் மாணவன் ஒருவன் பெட்டியிலுள்ள இங்கிலீஷ் சீட்டைப் படித்துக் கூட்டாளிகளுக்குத் தமிழில் சொல்கிறான்: "பழங்கால மலைவாசிகள் தண்ணி வச்சிருந்த குடுக்கையாம்." எல்லோரும் பெட்டியைப் பார்க்கிறார்கள். பிறகு அவள் தோளைப் பார்க்கிறார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொள்கிறான். பிச்சமுத்துவுக்குக் காது மடல் சுடுகிறது. நாலடி தள்ளிப் போய் எகிப்துக் கல்லையே உற்றுப் பார்க்கிறான்.

காவல்காரர் அவனிடம் வந்து, "அந்தம்மா உங்களோட வந்தவங்களா?" என்று கேட்கிறார்.

"இல்லீங்க. யாருன்னு தெரியல."

செல்லக்கிளியின் சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்தப் புதுச் சட்டையை ஒருமுறை ஏற இறங்கப் பார்க்கிறாள். பிறகு மெதுவாக அருகில் வந்து, குடுக்கையின் அடைப்பைத் திருகி எடுத்து, அவன் முன் நீட்டுகிறாள்.

"தண்ணி குடிக்கிறீங்களா, ஐயா?"