சங்கத்துக்கு நன்கொடை

செஞ்சியில் மரம் காக்கும் சங்கம் தொடங்கிய 1984-ஆம் வருடம் அது. ஜான் பாஷாவின் சலூன் நாற்காலியில், கழுத்து வரை வளர்ந்த முடியோடு பொருமிக்கொண்டிருந்தார் ரோடு கான்ட்ராக்டர் கோதண்டம்.

“இன்னாண்ணே, ஒரே டென்ஷனா இருக்குறீங்க?” என்று கத்தரிக்கோலை எடுத்தார் பாஷா.

“ரோட்டோரப் புளியமரத்தையெல்லாம் வெட்டணும் பாய். ஆளுங்க ரம்பத்தைப் போட்டுட்டு ஓடிட்டானுங்க. மேல்மலையனூர்ல பேய் ஓட்டி, முடியை மரத்துல வச்சு ஆணி அடிப்பாங்கல்ல? அதே மாதிரி மரத்துக்கு மரம் முடியும் ஆணியுமா இருக்குது. வெட்டினா பேய் எறங்கிடுமாம்!”

“அய்யய்யோ! அந்தச் சங்கத்துக்காரங்க இன்னா சொல்றாங்க?”

“அவனுங்களா? நன்கொடை கேட்டு வந்தானுங்க. என் தலைமுடியைக்கூடத் தரமாட்டேன்னு வெரட்டிட்டேன்!”

வேலை முடிந்து கோதண்டம் கிளம்பிப் போனார். பாஷா தரையில் கிடந்த முடியைப் பொறுக்கி, கொத்துக் கொத்தாக நூலால் கட்டினார்.

பக்கத்து டீக்கடைக்காரர் பாவாடை சுத்தியலோடு எட்டிப் பார்த்தார்.

“தலைவரே, இன்னும் நாலு மரம் பாக்கி இருக்குது. முடி கெடச்சுதா?”

பாஷா கொத்துகளை நீட்டினார்.

“இந்தா, கான்ட்ராக்டரோட நன்கொடை!”