தொண்ணூறு டிகிரி

“எதிர் லேப்காரர் நம்ம போர்டையே குறுகுறுன்னு பார்த்துட்டு நிக்கிறார் சார்,” என்றாள் உதவியாளப் பெண்.

“பார்க்கட்டும். இந்த ஆராய்ச்சிப் பூங்காவுல யாரும் எதையும் மறைக்கக் கூடாதாம். அதான் பசை காய்ச்சற சூட்டை எழுதிப் போட்டிருக்கேனே,” என்றார் விஞ்ஞானி. ஆனாலும் அவருடைய சந்தேகக் கண் எதிர் அறையை விட்டு நகரவில்லை.

மறுவாரம் எதிர் லேப்காரர், ஒட்டிய இரண்டு தகடுகளோடு ஓடி வந்தார்.

“எவ்வளவு இழுத்தாலும் பிரியல சார். நீங்க எழுதின அதே தொண்ணூறு டிகிரிதான். காப்புரிமையில உங்க பேரையும் சேர்த்துடவா?”

விஞ்ஞானிக்குத் திருடனுக்குத் தேள் கொட்டினாற்போல் இருந்தது.

ரகசியமாக அறுபது டிகிரியில் காய்ச்சிய அவருடைய பசையால் ஒட்டிய தகடுகள், மேஜைமேல் இன்றும் பிடிக்காமல் கழன்று கிடந்தன. தொண்ணூறு என்பது, எதிராளியின் பசை உருப்படாமல் போகட்டும் என்று அவர் எழுதிப்போட்ட பொய்.