ஸ்பீக்கரில் ஒன்பதாவது பெயர்

மத்தியானம் மூன்று மணிக்கு முதலாளி ஷோபனாவை ஃபோனில் அழைத்தார். "யாருன்னே தெரியாத ஆள் நம்ம ஸ்பீக்கர்ல எப்படி? இன்னைக்கே எடுத்துடு. இல்லேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

இந்தி புழங்கும் எங்கள் லம்பா லைன் பகுதியில் மூன்று கம்பெனிகளுக்கு ஒரே கூடம், ஒரே புளூடூத் ஸ்பீக்கர். அதில் யார் பாட்டுப் போடலாம் என்று அனுமதிப்பவள் ஷோபனா; எங்களுக்கெல்லாம் தீதி, அதாவது அக்கா. அவள் வந்தபிறகு எங்களுக்குள் சண்டையே இல்லை. யாருடைய பெயரை நீக்குவதானாலும் முதலில் அவருடைய மேசைக்கே போய்ச் சொல்லிவிடுவாள். அந்த மரியாதை வேறு யாருக்கும் வராது.

நாங்கள் எட்டுப் பேர். ஸ்பீக்கரில் ஒன்பது பெயர்கள் இருந்தன. ஒன்பதாவது, உதயசூரியன். அந்தப் பெயரில் எங்களில் யாரும் இல்லை. அவர் பாட்டுப் போடுவதில்லை, மழைச் சத்தம் மட்டும் வைப்பார். சற்று நேரத்தில் வெளியே நிஜமாகவே மழை வரும். அதற்குள் நாங்கள் ஜன்னல்களை அடைத்திருப்போம்.

"ஆளையே காணோம், யார்கிட்ட போய்ச் சொல்லுவீங்க தீதி?" என்று சுதாகர் சிரித்தான்.

ஷோபனா சிரிக்கவில்லை. ஜன்னலோரம் காலியாகக் கிடந்த மேசைக்குப் போய் நின்றாள்.

"உங்க பேரை எடுக்கிறேன். தப்பா நினைக்காதீங்க."

நீக்கினாள். அந்த மேசையிலிருந்து ஒரு குரல் பணிவாகக் கேட்டது.

"அச்சா தீதி. இனி நான் எங்க உட்கார்றது?"