நவம்பர் நோட்டு

"உங்க ஆளுங்க பைபிள்லேர்ந்து ஏழு புத்தகத்தைத் தூக்கிப் போட்டுட்டு, ஆதாரம் எங்கேன்னு என்னையே கேட்டா எப்படிம்மா?"

லெனர்ட் ஹாப்மன் கேட்டதும் கோயிலுக்குக் கீழே இருக்கும் ஹாலே கொல்லென்று சிரித்தது. ஞாயிறு பூசை முடிந்து காப்பியும் டோனட்டும் ஓடிக்கொண்டிருந்த நேரம்.

மாட்டிக்கொண்டவள் அவருடைய மருமகள் இங்க்ரிட். லூத்தரன் என்ற புராட்டஸ்டன்ட் சபை வீட்டுப் பெண். கல்யாணமாகி ஆறு வருஷமாகியும் கத்தோலிக்கத்தில் சேராமல் மாமனார் மானத்தை வாங்குகிறவள்.

"இல்ல மாமா, செத்தவங்க கடவுள்கிட்ட போயாச்சு. இனிமே நாம ஜெபம் பண்ணி என்ன ஆகப்போகுது?"

"அப்படிக் கேளு!" லெனர்ட் எழுந்தேவிட்டார். நவம்பர், மரித்தவர்களின் மாசம். மோட்சம் போகுமுன் ஆத்துமாக்கள் பாவக்கறை தீரக் காத்திருக்கும் உத்தரிக்கிற ஸ்தலம் பற்றி ஞாயிறு தவறாமல் வகுப்பெடுப்பவர் அவர்தான்.

"மோட்சத்துல இருக்கறவனுக்கு ஜெபம் தேவையில்ல. நரகத்துல இருக்கறவனுக்குப் பிரயோஜனமில்ல. அப்ப யூதா மக்கபே, செத்துப்போன வீரர்களுக்காக எதுக்குப் பலி கொடுக்க ஏற்பாடு பண்ணினாரு? சரி, அந்த மக்கபே புத்தகம் உங்ககிட்ட இல்ல. பவுல் இருக்காரா? நெருப்பைத் தாண்டித் தப்பிக்கிறவன் மாதிரி மீட்கப்படுவான்னு கொரிந்தியருக்கு எழுதினாரே, அது எந்த நெருப்பு? ரோமாபுரியில பூமிக்கடியில, கல்லறைச் சுவத்துல, 'இந்த ஆத்துமாவுக்காக வேண்டிக்கோங்க'ன்னு ஆதிக் கிறிஸ்தவங்க கீறி வெச்சிருக்காங்களே, அவங்கல்லாம் முட்டாளா?"

ஒரே கைதட்டல். இங்க்ரிட் காப்பியை ஊதிக்கொண்டிருந்தாள்.

"அவ்வளவு ஏன்? உங்க அத்தை உயிர் போறப்ப என் கையைப் பிடிச்சு என்ன கேட்டா? நீயும்தானே பக்கத்துல இருந்த? 'நவம்பர் நோட்டுல என் பேரை மறக்காம எழுதிடுங்க'ன்னா. அந்த நம்பிக்கையோடதான் போனா என் லியோனா!"

இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"எனக்கு இன்னும் புரியல மாமா" என்றாள் இங்க்ரிட்.

என்ன கல்நெஞ்சோ! எல்லாரும் அவளை முறைத்தார்கள்.

அந்நேரம் பங்குச் சாமியார் படியிறங்கி வந்தார். "பீடத்துக்கிட்ட இருக்கற, மரித்தோர் பேரெழுதற நவம்பர் நோட்டை இன்னிக்கு மூடப்போறேன். ஒண்ணாம் தேதியிலேர்ந்து தினமும் பூசையில அந்தப் பேருங்களுக்காகத்தான் வேண்டிக்கிறோம். யாராவது மறந்திருந்தா இப்பவே எழுதிடுங்க."

லெனர்ட் நாலு வாரமாக விழுந்து விழுந்து குறிப்பெடுத்தாரே தவிர, அந்த நோட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"ஐயோ, லியோனா!"

கைத்தடியைக்கூட எடுக்காமல் படியேறினார். மூச்சிரைக்க நோட்டைத் திறந்து, பேனாவை எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

முதல் பக்கம், முதல் வரி. லியோனா ஹாப்மன். நவம்பர் ஒன்று. வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் மளிகை லிஸ்டில் தினமும் பார்க்கிற அதே குண்டு எழுத்து.

திரும்பினால், அவருடைய கைத்தடியோடு இங்க்ரிட் நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா எழுதின? உனக்குத்தான் இதுல நம்பிக்கையே கிடையாதே!"

"இப்பவும் கிடையாது மாமா. அத்தைக்கு இருந்துச்சே."